கழுத்து மூடிய கவுன்: சர்ச் கல்யாணத்துக்கு ரேந்தை (லேஸ்) வைத்துத் தைக்கும் முறை

கவுன் தைக்க வருகிற பெண்ணைப் பார்த்ததும் நான் இஞ்ச் டேப்பை எடுப்பதில்லை. "முழங்கால் போடு மக்கா" என்பேன். அடுத்து இரண்டு கையையும் தூக்கி, எதிரில் நிற்கிற ஆளுக்கு மாலை போடுவதுபோலக் காட்டச் சொல்வேன். பிறகு தெரிந்த பாட்டில் இரண்டு வரி பாட வேண்டும். பாடும்போது விலா எவ்வளவு விரிகிறது என்று கை வைத்துப் பார்ப்பேன். இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் அளவு. கழுத்து வரை ஏறி, மணிக்கட்டு வரை இறங்கி, தரை வரை விழுகிற உடுப்பு இது. போட்டவள் பத்து நிமிஷத்தில் அதை மறந்துவிட வேண்டும். மறக்கவில்லை என்றால் தையலில் எங்கேயோ தப்பு இருக்கிறது.

நாகர்கோவிலில் 26 வருடமாக இந்த வேலை செய்கிறேன். எங்கள் பக்கம் சர்ச் கல்யாணத்துக்குப் பெரும்பாலும் வெள்ளைப் பட்டும் தலையில் நெட்டும்தான். கவுன் கேட்டு வருகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஒன்றையே கேட்கிறார்கள்: "அக்கா, மூடினமாதிரி இருக்கணும். ஆனா யூனிஃபார்ம் மாதிரி இருக்கக் கூடாது." அதற்கு வழி இருக்கிறது. ஜாக்கெட் ஒழுங்காகத் தைக்கத் தெரிந்தவர்கள் யாரும் செய்யலாம். பொறுமைதான் நிறைய வேண்டும், துணி அல்ல.

துணி வாங்குவதற்கு முன்னால் இரண்டு கவுன்களின் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல தெளிவான படமாகப் பாருங்கள்.

ஒன்று, ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி மோனாக்கோ இளவரசரைக் கட்டிக்கொண்டபோது, 1956 ஏப்ரல் 19 அன்று போட்டது. எம்ஜிஎம் ஸ்டூடியோவில் நடிகைகளுக்கு உடை வடிவமைத்த ஹெலன் ரோஸ் செய்தது. உயர்ந்த கழுத்து, முழுக்கை, மேல்பாகம் முழுக்கப் பழைய புரூசெல்ஸ் ரேந்தை. கீழே பாவாடை முன்பக்கம் வெறும் பட்டு, அவ்வளவுதான். அந்த ரேந்தையில் தோள் தையல் எங்கே, பக்கத் தையல் எங்கே என்று தேடினால் கிடைக்காது. தையல் தெரியாதபடி ரேந்தைப் பூக்களைக் கையால் மேலே தைத்து, சிறு முத்துக்களும் பதித்திருக்கிறார்கள். இப்போது அது அமெரிக்காவில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே உடுப்பாகத் தெரிந்தாலும் அது தனித்தனித் துண்டுகள். ரேந்தை மேல்பாகத்துக்கு உள்ளே அதைத் தாங்க இன்னொரு மேல்பாகம், பாவாடையைத் தூக்கிப் பிடிக்க அடியில் ஒரு தாங்கல். வெளியே அத்தனை லேசாக இருப்பதற்கு உள்ளே நடக்கிற வேலைதான் காரணம்.

இன்னொன்று, கேட் மிடில்டன் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமைக் கட்டிக்கொண்டபோது, 2011 ஏப்ரல் 29 அன்று லண்டனில் போட்டது. அலெக்சாண்டர் மெக்வீன் நிறுவனத்துக்காக சாரா பர்ட்டன் வடிவமைத்தார். ரேந்தையிலிருந்து ரோஜா, முட்செடி, டாஃபோடில், ஷாம்ராக் இலை என்று பூக்களைத் தனித்தனியாக வெட்டி, பட்டு நெட்டின் மேல் கையால் தைத்தார்கள். அயர்லாந்தின் கரிக்மக்ராஸ் ஊர்முறை அது. தைத்த பெண்கள் அரை மணிக்கு ஒருமுறை கை கழுவினார்கள், மூன்று மணிக்கு ஒருமுறை ஊசி மாற்றினார்கள். இதைப் படித்த அன்றே என் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு சோப்பும் துண்டும் வைத்தேன். இன்றைக்கும் இருக்கிறது.

இந்த இரண்டிலும் நான் படித்துக்கொண்டது ஒன்றுதான். வேலைப்பாட்டின் கனம் ஒரே இடத்தில். மேல்பாகத்தில் ரேந்தை என்றால் கீழ்பாகம் சும்மா இருக்க வேண்டும். மேலேயும் பூ, கீழேயும் பூ, நடுவில் கல் பெல்ட், கை முனையில் ஜரிகை என்று போனால் பெண்ணின் முகம் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். ஒன்றும் வைக்காமலே செய்யலாம் என்று காட்டியவரும் உண்டு. பாரிஸில் பலென்சியாகா என்ற உடை வடிவமைப்பாளர் 1967-இல் செய்த கல்யாண உடுப்பில் ஒரு பூ, ஒரு முத்து இல்லை. விறைப்பான காஸார் பட்டின் வளைவு மட்டும்தான். நம் கையில் அது எளிதில் வராது. ஆனால் பாவாடை வெட்டும்போது அதை நினைத்துக்கொண்டு வெட்டினால் கை தானாக அடங்கும்.

மூடிய உடுப்பு என்றதும் சிலர் முகம் சுளிப்பதுண்டு. எங்கள் ஊரில் அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. தோளை மூட வேண்டும் என்பதற்காக இந்த மண்ணில் பெண்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நாடார் பெண்கள் மேலாடை போடலாம் என்று திருவிதாங்கூர் மகாராஜா அறிவித்தது 1859-இல், அதுவும் மேல்சாதிப் பெண்கள் போடுகிறமாதிரி போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதே காலத்தில் அதே ஊரில்தான் ரேந்தையும் வந்தது. 1819-இல் லண்டன் மிஷனில் இருந்து வந்த மார்த்தா மால்ட் அம்மா விடுதிப் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னச் சொல்லிக்கொடுத்தார். அவர் மகள் எலைசா கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடி போனபோது அந்தக் கைவேலை அங்கேயும் போனது. என் பாட்டி திண்டு மாதிரி ஒரு தலையணையை மடியில் வைத்து, குத்திய தாளை அதன்மேல் பொருத்தி, குண்டூசி நட்டு, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுவார். கடகடவென்று சத்தம் கேட்கும். ஒரு விரல் அகலப் பட்டி ஒரு சாண் வளர ஒரு நாள் போய்விடும். லேஸ் என்று நாங்கள் சொல்ல மாட்டோம், ரேந்தைதான். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல், பொத்தான் மாதிரி. தோளை ரேந்தையால் மூடுகிற ஒவ்வொரு தடவையும் இது என் நினைவுக்கு வரும். இது அடக்கி வைப்பதற்கான உடுப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பாது.

சரி, வேலைக்கு வருவோம்.

துணியும் நிறமும்

பாவாடைக்கு மங்கலாக மின்னுகிற கனமான சாட்டின். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற சாட்டினை வாங்காதீர்கள், போட்டோவில் ஒவ்வொரு சுருக்கமும் வெள்ளிக்கோடாக விழும். ஆறு துண்டுப் பாவாடைக்கு 44 இஞ்ச் அகலத்தில் ஆறு மீட்டர் வாங்கினால் சின்ன வால் வைக்கவும் காணும். ரேந்தை இரண்டரை மீட்டர். பூவின் ஓரத்தில் தடித்த நூல் ஓடுகிற கார்டட் லேஸ் வாங்குங்கள். அந்த நூல்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றும், ஏன் என்று சொல்கிறேன். நீளத்தின் இரண்டு ஓரமும் வளைவு வளைவாக முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். கை முனைக்கு அந்த ஓரத்தையே வைத்துவிடலாம், மடித்துத் தைக்க வேண்டாம்.

நம் நிறத்துக்குச் சுத்த வெள்ளை ஒத்துவராது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் தேங்காய்ப்பால் வெள்ளை, யானைத்தந்த வெள்ளை இரண்டும் அழகு. துணியைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாமல் வாசலுக்கு எடுத்து வந்து பெண்ணின் தாடைக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். முகம் தெளிகிறதா, சாம்பல் பூக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

இப்போது நெட். தோளிலும் கையிலும் ரேந்தைக்கு அடியில் ஒரு மெல்லிய நெட் போட வேண்டும். தோல் நிறத்தில் இருந்தால் நெட் இருப்பதே தெரியாது, பூ மட்டும் தோலின் மேல் மிதக்கிறமாதிரி இருக்கும். கடையில் ஸ்கின் கலர் என்று கேட்டால் ஒரு வெளிர் ரோஸ் நெட்டை எடுத்துப் போடுவார்கள். அந்த நிறத்தில் எங்கள் ஊரில் யாருக்கும் தோல் இல்லை. எனக்கு இது ஆறாத வருத்தம். அதனால் நானே சாயம் போடுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி டீத்தூள் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். ஒரு தூள் நின்றாலும் நெட்டில் புள்ளி விழும். ஒரு சிட்டிகை உப்பு. வெள்ளைக் காட்டன் நெட்டையோ சில்க் நெட்டையோ பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, டிகாஷனில் முக்கி, குச்சியால் புரட்டிக்கொண்டே இருங்கள். நிறுத்தினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். இரண்டு நிமிஷத்தில் எடுத்து அலசி, நிழலில் காயப்போட்டு, காய்ந்த பிறகே பெண்ணின் முன்கையில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் நிறம் அதிகமாகத் தெரியும், அதை நம்பி எடுத்துவிட்டால் காய்ந்ததும் வெளுத்து நிற்கும். போதவில்லை என்றால் மறுபடி முக்கலாம். பாலியஸ்டர் நெட்டில் டீ ஏறாது. நன்றாகக் கறுத்த பிள்ளைக்கு டீயின் நிறம் போதாது. காபி நிறத்தில் நெட் கிடைத்தால் நேராக அதையே போடுங்கள், எவ்வளவு அழகாக மறைகிறது என்று பார்ப்பீர்கள்.

கைக்குழி

நான் தொழில் தொடங்கின மூன்றாம் வருடம் ஒரு முழுக்கைக் கவுன் தைத்தேன். பார்க்க அத்தனை அழகு. சர்ச்சில் பெண் மாலையைத் தூக்கினாள், கை தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. மாப்பிள்ளை புரிந்துகொண்டு தலையை நன்றாகக் குனிந்து வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் இடது கைக்கடியில் தையல் விட்ட சத்தம் இரண்டாவது பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இறுக்கமாக இருக்கக்கூடாது என்று நினைத்து நான் கைக்குழியை ஆழமாக வெட்டியிருந்தேன். அதுதான் தப்பு. கைக்குழி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு கையும் உடம்போடு கட்டிப்போட்டதுபோல ஆகும், கையைத் தூக்கினால் கவுன் முழுக்க மேலே இழுக்கும். அக்குளுக்கு முக்கால் இஞ்ச் கீழேயே கைக்குழி முடிந்துவிட வேண்டும். தளர்ச்சி வேண்டியது கையின் அகலத்தில்தான். ரேந்தையும் நெட்டும் இழுபடாது, அதனால் மேல்கைச் சுற்றளவுக்கு மேல் ஒன்றரை இஞ்ச் கூட்டிக்கொள்ளுங்கள். கையின் நீளத்தை முழங்கையை மடக்கி வைத்து அளக்க வேண்டும், தோள் முனையில் இருந்து முழங்கை மூட்டைச் சுற்றி மணிக்கட்டு எலும்பு வரை. நேராக நீட்டி அளந்தால் ஒரு இஞ்ச் குறைந்துபோகும். அந்த ஒரு இஞ்சைப் பின்பக்கத் தையலில் முழங்கைக்கு நேராக ஒரு சின்ன டார்ட்டாகப் பிடித்துவிட்டால் கை மடங்கும்போது மணிக்கட்டு மேலே ஏறாது.

இதையெல்லாம் முதலில் காடாத் துணியில் வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு, பெண்ணுக்குப் போட்டுப் பாருங்கள். காடாவுக்கு ஆகிற செலவைப் பார்க்காதீர்கள். போட்டுவிட்டு மறுபடியும் முழங்கால், மாலை, பாட்டு. அம்மாவைக் கட்டிப்பிடிக்கவும் சொல்லுங்கள். கல்யாணத்தன்று நூறு பேரைக் கட்டிப்பிடிக்கப்போகிறாள்.

தையல் தெரியாமல் ரேந்தையை இணைப்பது

இதுதான் முழு வேலையின் உயிர். இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள்.

காடாவில் சரிபார்த்த அளவை நெட்டில் போட்டு வெட்டுங்கள், இதைச் சாதாரணமாக மிஷினில் இணைத்துவிடலாம். பக்கத்தில் தையல் மெல்லியதாக இருக்கட்டும், கால் இஞ்சுக்கு மேல் துணி விடாதீர்கள், தோல் நிற நூல் போடுங்கள். ரேந்தையை மேசையில் விரித்து, கத்தரிக்கோலைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். எந்தப் பூ நெஞ்சுக்கு நடுவில் வரும், எது இரண்டு தோளிலும் ஒரே மாதிரி வரும் என்று கண்ணால் முதலில் தைத்துவிட வேண்டும். ஒரு தோளில் பெரிய பூவும் மறு தோளில் வெறும் வலையும் வந்தால் அப்புறம் எந்த வித்தையும் பலிக்காது.

முன்பாகம், பின்பாகம், கை ஆகியவற்றின் தையல் கோடுகளை ரேந்தையில் நிறநூலால் ஓட்டுத்தையல் போட்டுக் குறியுங்கள். சாக்பீஸ் ரேந்தையில் நிற்காது. இப்போது முன்பாகத்தை வெட்டும்போது கோட்டோடு வெட்டாதீர்கள். தோள் கோட்டைத் தாண்டி ஒரு பூ நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூவை முழுசாக விட்டு, அதன் ஓரத்துத் தடித்த நூலைச் சுற்றிச் சுற்றி வெட்டுங்கள். பின்பாகத்தில் கோட்டுக்கு அப்பால் அரை இஞ்ச் துணி விடுங்கள். இரண்டையும் தையல் பொம்மையின் மேல் போட்டிருக்கிற நெட்டின் மேல் வைத்து, நிறநூல் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று வருகிறமாதிரி பொருத்தி, முன்பாகத்துப் பூவைப் பின்பாகத்தின் மேல் படுக்கவிடுங்கள். குண்டூசி குத்துங்கள். பதினோராம் நம்பர் ஊசி, ஒற்றை நூல், முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். முடிச்சுப் போடாமல், ஒரே இடத்தில் இரண்டு சின்னத் தையல் போட்டுத் தொடங்குங்கள். பூவின் ஓரத்துத் தடித்த நூலுக்குள் ஊசி புகுந்து, அடியில் இருக்கிற ரேந்தையில் ஒரு கண்ணியை மட்டும் பிடித்து மேலே வர வேண்டும். ஒரு இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல். நூலை இழுத்து இறுக்காதீர்கள், நூல் படுக்க வேண்டும், அவ்வளவுதான். தடித்த நூல் உங்கள் தையலை விழுங்கிவிடும். கார்டட் லேஸ் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

பூவைச் சுற்றி முடித்ததும் திருப்பிப் போட்டு, அடியில் மிச்சமிருக்கிற பின்பாகத்து ரேந்தையைத் தையலுக்கு ஒட்டி வெட்டிவிடுங்கள். நுனி மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலால் செய்யுங்கள். கூர் நுனி ஒரு தடவை நெட்டுக்குள் போனால் அந்த ஓட்டையை மறைக்க இன்னொரு பூ வேண்டியிருக்கும். அதற்காகவே வெட்டின துண்டுகளில் நல்ல பூ பத்துப் பன்னிரண்டை எடுத்து ஒரு டப்பாவில் வையுங்கள். கடைசியில் எங்கே வெறுமையாகத் தெரிகிறதோ அங்கே ஒன்றிரண்டைச் சிதறவிடலாம். தோளில் அடர்த்தியாகத் தொடங்கி முழங்கைக்குக் கீழே போகப்போகக் குறைந்து, மணிக்கட்டில் மறுபடி கூடினால் கை நீண்டு மெலிந்து தெரியும்.

முழு ரேந்தை வாங்கக் கையில் காசு இல்லாதவர்கள் பார்டர் ரேந்தை மூன்று மீட்டர் வாங்கி, பூக்களை மட்டும் வெட்டி, வெறும் நெட்டின் மேல் இதே தையலில் வைக்கலாம். கேட் மிடில்டனின் கவுனில் செய்ததும் அடிப்படையில் அதுதான். நேரம் இரண்டு மடங்கு ஆகும், அழகு குறையாது.

நெஞ்சுப் பகுதிக்கு மட்டும் உள்ளே சாட்டினும் அதற்குள் காட்டன் லைனிங்கும். அந்த லைனிங்கின் மேல் ஓரம் ரேந்தை வழியாகக் கோடாகத் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். இதய வடிவில் வெட்டுகிற வழக்கம் இப்போது அதிகம். எனக்கு அது பிடிக்காது. மூடிய உடுப்புக்குள் இன்னொரு திறந்த உடுப்பை வரைந்து காட்டுகிறமாதிரி இருக்கும். அக்குள் உயரத்தில் லேசாக வளைந்த ஒரே கோடாக வெட்டினால் அமைதியாக இருக்கும். மே மாதக் கல்யாணம் என்றால் கைக்கடியில் பிறை வடிவத்தில் காட்டன் திண்டு ஒன்று வைத்து நூலால் நாலு இடத்தில் பிடியுங்கள். வேர்வை அங்கேயே நின்றுவிடும்.

கழுத்துப் பட்டியும் தாலியும்

ரோமில் வாலன்டினோ நிறுவனத்தில் 2008-இல் இருந்து 2016 வரை மரியா கிராட்சியா கியூரியும் பியர்பாவ்லோ பிச்சோலியும் சேர்ந்து தலைமை வடிவமைப்பாளர்களாக இருந்தார்கள். உயர்ந்த கழுத்து, முழுக்கை, தரை வரை ரேந்தை என்று அவர்கள் அனுப்பிய உடுப்புகளைப் பார்த்துத்தான் பல பெண்கள் என்னிடம் வருகிறார்கள். அந்தக் கழுத்து அழகாக இருப்பதற்குக் காரணம், பட்டி கழுத்தை நெருக்காமல் நிற்பது. கழுத்துச் சுற்றளவை ஒரு விரலை உள்ளே விட்டு அளந்துகொள்ளுங்கள். கழுத்துக்குழியை முன்னால் அரை இஞ்ச் இறக்கி வெட்டுங்கள். பட்டி உயரம் ஒன்றேகால் இஞ்ச். குட்டைக் கழுத்துக்கு முக்கால் இஞ்ச் போதும், அதற்கு மேல் போனால் தலை தோளில் உட்கார்ந்ததுபோல இருக்கும். விறைப்புக்குக் கான்வாஸ் வேண்டாம், தோல் நிற நெட்டை மூன்று மடிப்பாக வைத்தால் தானாக நிற்கும்.

வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து அப்படியே தைத்தால் நம் பெண்ணுக்கு ஒரு இடத்தில் இடிக்கும். அது தாலி. மாப்பிள்ளை பின்கழுத்தில் மூன்று முடிச்சுப் போடுகிறார், மேலே தலை நெட் வேறு. பின்கழுத்தில் முத்தோ கல்லோ இருந்தால் தாலிக்கயிறோ செயினோ சிக்கும். ஒரு கல்யாணத்தில் நாத்தனார் இரண்டு நிமிஷம் நின்று எடுத்துவிட்டதைப் பார்த்தேன். அதனால் பட்டியின் பின்பக்கம் காதுக்குப் பின்னால் இருந்து மறு காது வரை மழமழவென்று வெறும் ரேந்தையாக விடுங்கள். முதல் பொத்தான் பட்டிக்கு முக்கால் இஞ்ச் கீழே தொடங்கட்டும், பட்டியை உள்ளே இரண்டு சின்னக் கொக்கியால் பிடித்தால் போதும். தாலி பட்டிக்கு அடியில் வந்து நெஞ்சில் விழ வேண்டும். அதனால் முன்பக்கம் பட்டிக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு முத்து வைக்காமல் விட்டால், பொன் அங்கே தனியாகத் தெரியும். அந்த உடுப்பில் வேறு நகையே வேண்டியிருக்காது.

பொத்தான் சின்னதாக, சாட்டின் மூடியதாக இருக்கட்டும். குறுக்காகச் சாய்த்து வெட்டிய கிராஸ் துண்டை ஊசிக்கணக்கில் மெல்லியதாகச் சுருட்டிக் கண்ணி செய்யுங்கள். கேட் மிடில்டனின் முதுகில் 58 பொத்தான். நான் முதுகில் 30 வைத்து, அடியில் ஜிப் போடுகிறேன். காலை ஏழு மணிக்கு அவசரத்தில் இருக்கிற சித்தியின் விரலுக்கு முப்பதே அதிகம். கை முனையில் ஆறு, இவை உண்மையாகவே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கை நுழையாது.

இடுப்பு நாடாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாவாடையின் கனம் முழுவதும் ரேந்தையில் தொங்கினால் மத்தியானத்துக்குள் கழுத்துப் பட்டி கீழே இழுத்து நெருக்க ஆரம்பிக்கும். ஒரு இஞ்ச் அகலக் கெட்டி நாடாவைப் பெண்ணின் இடுப்புக்குப் படிந்து வருகிற அளவில் வெட்டி, இடுப்புத் தையலின் உள்ளே ஏழெட்டு இடத்தில் பிடித்து, பின்னால் இரண்டு கொக்கி வையுங்கள். போடும்போது முதலில் இந்த நாடாவை மாட்டிவிட்டுத்தான் ஜிப்பை ஏற்ற வேண்டும். கனம் இடுப்பில் நின்றுவிடும், மேலே ரேந்தை சும்மா தங்கியிருக்கும்.

ஓரம், காற்று

ஓரம் அடிப்பதற்கு முன்னால் கல்யாணத்தன்று போடப்போகிற செருப்பைப் போட்டுத்தான் நிற்க வேண்டும். முன்பக்கம் தரையில் இருந்து முக்கால் இஞ்ச் மேலே, பக்கங்களில் மெதுவாக இறங்கி, பின்னால் தரையைத் தொடட்டும். முழங்காலில் இருந்து எழும்போது பெருவிரல் முன் ஓரத்தைத்தான் மிதிக்கும், அதற்காகத்தான் இந்த முக்கால். பின்னால் வால் ஒன்றரை அடி போதும். உள்ளே ஒரு நூல் கண்ணியும் இடுப்புக்குக் கீழே ஒரு பொத்தானும் வைத்தால் ரிசப்ஷனில் தூக்கி மாட்டிவிடலாம். பாவாடையை விரித்து நிறுத்துகிற விறைப்பான கான்கான் வேண்டாம். கரகரவென்று சத்தம் போடும், ஜெபத்தின்போது முதல் வரிசை வரை கேட்கும். சாட்டினுக்கு அடியில் அகலமான காட்டன் பாவாடை ஒன்றில் இரண்டு வரிசை நெட் பிரில் போட்டால் விழுந்து நிற்கும்.

ஆனி, ஆடியில் கல்யாணம் என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். சர்ச் வாசலில் இறங்கினதும் தலை நெட் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில்தான் போய் விழும். நெட்டின் கீழ் ஓரத்தில் மூன்று இஞ்சுக்கு ஒன்றாகச் சிறு முத்து தைத்தால் அந்தக் கனத்தில் அது அடங்கியிருக்கும்.

என் பாட்டி பின்னிய ரேந்தை இரண்டு முழம் என்னிடம் மிச்சமிருந்தது. போன வருடம் என் தங்கை மகளின் கவுனில் கழுத்துப் பட்டியின் மேல் ஓரத்துக்கு அதை வைத்தேன். மஞ்சளடித்துப் போயிருந்தது. வெளுக்க மனசு வரவில்லை, கவுன் துணியைத்தான் அதன் நிறத்துக்குத் தேடி எடுத்தோம். உங்கள் வீட்டிலும் பாட்டியின் தலையணை உறையிலோ பழைய ஜாக்கெட்டிலோ கையால் பின்னின ரேந்தை இருக்கலாம், பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கல்யாணம் முடிந்த வாரத்திலேயே கவுனைப் பார்த்துவிடுங்கள். மாலையின் மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருந்தால் தண்ணீரால் துடைக்காதீர்கள், பரவும். ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். வேர்வைத் திண்டுகளைப் பிரித்து எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் எங்கள் பக்கத்து ஈரக்காற்றுக்கு ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். இரண்டு தடவை துவைத்து கஞ்சி போன பழைய காட்டன் வேட்டியில் சுற்றி, மடிப்புக்குள் சுருட்டிய துணி வைத்து, படுக்கையாக வைக்க வேண்டும். ரேந்தையைத் தொங்கவிட்டால் தோள் இழுபட்டுப்போகும். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். நான் கொடுக்கிற ஒவ்வொரு கவுனோடும் ஒரு காகித உறை போகும். அதற்குள் ஐந்து பொத்தான், கொஞ்சம் தோல் நிற நெட், டப்பாவில் மிச்சமான பூக்களில் மூன்று.